நாலு வருஷம் வேஸ்ட் என்று சொன்ன பிரின்சிபால்

ஏற்காட்டில் லேடீஸ் சீட்டில் நின்று ராத்திரியில் சேலத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஊரே விளக்கு கொட்டிக் கிடப்பது மாதிரி இருக்கும். போன வருஷம் நானும் ஒரு நண்பனும் அதைப் பார்த்துவிட்டு, அப்பாவின் பழைய காரில் மலை இறங்கினோம். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழியில் ஒரு வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு ஹெட்லைட்டும் ஒரே நேரத்தில் அணைந்துவிட்டன. பிரேக்கை மிதித்தேன். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது.

அந்தக் காரின் லைட்டையும் பிரேக்கையும் வீட்டு வாசலில் உட்கார்ந்து 'அப்கிரேட்' செய்த மேதை நான்தான். என்ன நடந்தது என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு மனிதரைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவரைப் பற்றி ஒழுங்காகப் படித்திருந்தால் எனக்கு அன்றைக்கு அந்த நிலைமை வந்திருக்காது.

ஜி.டி. நாயுடு. 1893 மார்ச் 23 அன்று கோவை பக்கத்தில் கலங்கல் என்ற கிராமத்தில், ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவே இல்லை; ஆரம்பப் பள்ளியோடு படிப்பு முடிந்தது. அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிளில் வருவதைப் பார்க்கிறார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டி தானாக ஓடுகிறது! அந்த வண்டி தனக்கு வேண்டும் என்று தோன்றிவிட்டது.

நம்மில் ஒருத்தனாக இருந்தால் அப்பாவிடம் கேட்டிருப்போம். அவர் கோவைக்குப் போய் ஒரு ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்தார். சில வருஷம் காசு சேர்த்து அந்த வண்டியையே வாங்கினார். வாங்கினதும் ஊர் சுற்றவில்லை. பார்ட் பார்ட்டாகக் கழற்றிப் போட்டார், மறுபடியும் மாட்டினார். எது எதோடு சேர்கிறது, எது ஏன் அங்கே இருக்கிறது என்று கையாலேயே கற்றுக்கொண்டார். அப்போது அவருக்கு ஏறக்குறைய நம் வயசு.

நடுவில் பஞ்சு வியாபாரம் செய்து சம்பாதித்தார், அதை இழக்கவும் செய்தார். பிறகு கோவையின் ராபர்ட் ஸ்டேன்ஸ் உதவியோடு ஒரு பஸ் வாங்கி, 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஓட்ட ஆரம்பித்தார். டிரைவரும் அவரே. அந்த ஒரு பஸ்தான் யு.எம்.எஸ். கம்பெனியாக வளர்ந்தது. 1933ல் அதனிடம் 280 பஸ்கள் இருந்தன. 280 வண்டி என்றால் எத்தனை பிரேக், எத்தனை விளக்கு, எத்தனை பயணிகள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அங்கே ஒரு ஒயர் தப்பாகப் போனால் அது ஒருத்தரோட ஹாபி விஷயம் இல்லை.

பஸ்ஸோடு அவர் நிற்கவில்லை. 1937ல் பீளமேட்டில் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே தயாரான மின்மோட்டாரைக் கொண்டுவந்தார். ரசாந்த் என்ற மின்சார ஷேவர், பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன், தில்லுமுல்லு செய்ய முடியாத ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று லிஸ்ட் நீளும். 1952ல் இரண்டு பேர் உட்காரும் ஒரு கார், விலை 2000 ரூபாய். அரசாங்கம் லைசென்ஸ் கொடுக்கவில்லை, கார் அதோடு நின்றது.

இப்போது நமக்கு நேராகச் சம்பந்தப்பட்ட விஷயம். கோவை அவினாசி ரோட்டில் ஹோப் காலேஜ் என்று ஒரு பஸ் ஸ்டாப் இருக்கிறது. காலேஜ் எங்கே என்று தேடாதீர்கள், அது எப்போதோ இடம் மாறிவிட்டது. 1945ல் ஆர்தர் ஹோப் என்ற கவர்னர் பெயரில் ஆரம்பித்த அந்தக் காலேஜ்தான் இன்றைய ஜி.சி.டி. அதற்குக் கை கொடுத்தவர் நாயுடு, முதல் பிரின்சிபாலும் அவரே. ஆரம்பப் பள்ளி தாண்டாதவர் இன்ஜினியரிங் காலேஜ் பிரின்சிபால்! அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் சொன்னது: நான்கு வருஷப் படிப்பு மாணவர்களுக்கு நேர விரயம், இரண்டு வருஷமே போதும். அரசு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பதவியை விட்டு விலகிவிட்டார். 1974 ஜனவரி 4ல் காலமானார்.

ஃபைனல் இயரில் இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. என் நாலு வருஷத்தை வேஸ்ட் என்று சொல்ல இவர் யார்? அப்புறம் அந்த ராத்திரி ஞாபகம் வந்தது.

நான் செய்தது இதுதான். 60/55 வாட் பல்புகளைக் கழற்றி 100/90 வாட் போட்டேன். ரிலே போடவில்லை, ஒயரையும் மாற்றவில்லை. ஹை பீமில் இரண்டு பல்புக்கும் சேர்த்து 10 ஆம்பியர் போக வேண்டிய பழைய ஸ்விட்சில் 16க்கு மேல் போனது. சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறும், அதாவது கிட்டத்தட்ட 3 மடங்கு. ஸ்விட்ச் உள்ளே உருகிவிட்டது. பிரேக்குக்குப் புது பேட் போட்டேன். ஆனால் பிரேக் ஃபுளூயிடைத் தொடவே இல்லை. அது காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஃபுளூயிட் புதுசில் 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 140லேயே கொதிக்கலாம். நான் பிரேக்கில் கால் வைத்தபடியே இறங்கினேன். சூட்டில் உள்ளே குமிழி வந்தால் பெடல் குமிழியைத்தான் அமுக்கும், பேடை அமுக்காது.

ஜூல் விதியை முதல் வருஷமே படித்து, எக்ஸாமில் எழுதி, மார்க்கும் வாங்கியவன் நான். அந்த ஒயருக்குள்ளே அதைப் பார்க்கத் தெரியவில்லை. நாயுடு மோட்டார் சைக்கிளை முதலில் கழற்றிப் புரிந்துகொண்டார். நான் புரிந்துகொள்ளாமலேயே மாட்டினேன். அவர் படிப்பை வெறுத்தவர் இல்லை, வெறுத்திருந்தால் காலேஜ் கட்டியிருப்பாரா? கையில் இறங்காத படிப்புக்கு நாலு வருஷம் எதற்கு என்றுதான் கேட்டார் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

அன்றைக்கு பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்து, கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெதுவாக இழுத்து, மலைப் பக்கச் சுவரில் உரசி வண்டி நின்றது. எதிரே ஒரு பஸ் வந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். பக்கத்தில் இருந்த நண்பன் ரொம்ப நேரம் பேசவே இல்லை.

வீட்டில் வண்டி வேலை பார்க்காதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. பாருங்கள், ஆனால் வாங்குவதற்கு முன்னால் கழற்றுங்கள். கரண்ட் எவ்வளவு, எந்த ஒயர் தாங்கும் என்று பேப்பரில் போடுங்கள். பிரேக் என்றால் பக்கத்தில் ஒரு அனுபவமுள்ள மெக்கானிக் இருக்கட்டும்.

நான் பழைய வாட் பல்பையே திரும்பப் போட்டேன். பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வைத்துத் தனி ஒயர் இழுத்தேன். வெளிச்சம் முன்பைவிட நன்றாகவே இருக்கிறது. ஃபுளூயிடை மெக்கானிக் அண்ணன் முன்னால் முழுசாக மாற்றினேன். போன மாசம் அப்பாவை உட்கார வைத்து ஏற்காடு போய், இரண்டாவது கியரிலேயே 20லிருந்து 1 வரை எண்ணிக்கொண்டு இறங்கினேன். அடிவாரம் வரும்வரை அப்பா மேலே கைப்பிடியை விடவே இல்லை.