செம்பைக் காத்த சர் ஹம்ப்ரி டேவி

இரும்பைத் துரு தின்னும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். மழைக்காலம் முடிந்ததும் கதவுக் கீலையும் ஜன்னல் கம்பியையும் சுரண்டி வர்ணம் பூசுவது நம் ஆரணியில் வழக்கமான வேலை. ஆனால் வர்ணம் பூசக் கை எட்டாத இடத்தில் துரு பிடித்தால் என்ன செய்வது? சென்னைக்கு வடக்கே மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. அங்குள்ள பெரிய உருக்குத் தொட்டிகள் தரையின்மேல் அமர்ந்திருக்கின்றன. அவற்றின் சுவருக்கும் கூரைக்கும் வர்ணம் பூசிக்கொள்ளலாம். மணலோடு ஒட்டிக் கிடக்கும் அடித்தகட்டின் கீழ்ப்புறத்தை யார் பார்ப்பது? இத்தகைய தொட்டியின் அடியில் ஈரம் புகுந்து துரு ஓட்டையிட்டால், எண்ணெய் மண்ணில் இறங்கி நிலத்தடி நீரைக் கெடுத்த பின்புதான் வெளியே தெரிய வரும்.

கண்ணுக்கு எட்டாத அந்த இடத்தை மின்சாரத்தைக் கொண்டு காக்கிறார்கள். இந்த வழியை 1824 ஆம் ஆண்டிலேயே கண்டவர் இங்கிலாந்து நாட்டு விஞ்ஞானி சர் ஹம்ப்ரி டேவி. சுரங்கத் தொழிலாளருக்கு விளக்குச் செய்து தந்தவர் என்றே நாம் அவரை அறிந்திருக்கிறோம். அவர் கண்ட வெற்றியே அவருக்குத் தோல்வியாகிப் போன கதையைத் தோழியர் பலர் கேட்டிருக்க மாட்டார்கள்.

டேவி 1778 டிசம்பர் 17 அன்று கார்ன்வால் பகுதியிலுள்ள பென்சான்ஸ் என்னும் கடலோர ஊரில் பிறந்தார். தந்தையார் மரச் சிற்பி. ஐந்து பிள்ளைகளில் மூத்தவரான டேவிக்குப் பதினாறு வயது நிரம்புவதற்குள் தந்தை கடனை விட்டுவிட்டு மறைந்தார். தாயார் பெண்களுக்கான தொப்பிக் கடை நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினார். நம் ஊரில் தறிநாடாவை ஓட்டியும் நூல் சுற்றியும் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தாய்மாரை நினைத்துக்கொண்டால் அந்த அம்மையாரின் பாடு நமக்கு எளிதில் விளங்கும்.

டேவி ஒரு மருத்துவரிடம் மருந்து கலக்கும் பையனாகச் சேர்ந்தார். அங்கேதான் இரசாயனம் அவரைப் பிடித்துக்கொண்டது. 1798 இல் பிரிஸ்டல் நகரில் வாயுக்களை ஆராயும் நிலையம் ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. சிரிப்பூட்டும் வாயுவைத் தாமே முகர்ந்து பார்த்து, அறுவைச் சிகிச்சையில் வலி தெரியாமல் செய்ய அது உதவக்கூடும் என்று 1800 இலேயே எழுதினார். வேறொரு நச்சு வாயுவை முகர்ந்தபோது உயிர் போய் வந்தது. இந்தத் துணிச்சலைப் பின்பற்ற வேண்டாம் என்று நம் ஆய்வுக்கூடத்துத் தோழியரைக் கேட்டுக்கொள்கிறோம்.

1801 இல் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனுக்கு வந்தார். அவருடைய சொற்பொழிவைக் கேட்கப் பெண்களும் ஆண்களும் திரண்டனர். இத்தாலி நாட்டு வோல்ட்டா செய்த மின்கலம் அப்போதுதான் உலகுக்கு வந்திருந்தது. டேவி மின்கலங்களை வரிசையாக இணைத்து, உருகிய பொட்டாஷின் வழியே மின்சாரத்தைச் செலுத்தினார். 1807 இல் பொட்டாசியம் பிரிந்து வந்தது. மேல் ஓட்டை உடைத்துக்கொண்டு தீப்பற்றிய அந்தச் சிறு மணிகளைக் கண்டு அவர் அறையைச் சுற்றி ஆடினாராம். சில நாட்களில் சோடியமும், மறு ஆண்டு கால்சியம், மக்னீசியம், பேரியம், ஸ்டிரான்ஷியம் ஆகியனவும் மின்சாரத்தால் பிரிக்கப்பட்டன. நம் பட்டுச் சேலைக்கு சூரத்திலிருந்து வரும் சரிகையில் வெள்ளிக் கம்பிக்குப் பொன்முலாம் ஏற்றுவதும் இதே மின்பகுப்பு விஞ்ஞானந்தான்.

1812 இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. புத்தகம் கட்டும் கடையிலிருந்து வந்த மைக்கேல் பாரடேயை மறு ஆண்டு உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். 1815 இல் சுரங்க விளக்கைச் செய்து, அதற்குக் காப்புரிமை வாங்காமலே விட்டார். 1820 இல் ராயல் சொஸைட்டியின் தலைவரானார். ஆயினும் 1824 இல் அந்தச் சங்கம் பாரடேயை உறுப்பினராக்க முற்பட்டபோது டேவி எதிர்த்தார். அது அவருக்குப் பெருமை தரவில்லை என்பது நம் எண்ணம்.

நாம் சொல்ல வந்த நிகழ்ச்சியும் அந்த ஆண்டில் நடந்ததே. அக்காலத்து மரக்கப்பல்களைக் கடற்புழு துளைத்துவிடும். அதைத் தடுக்க அடிப்பாகம் முழுதும் செப்புத் தகடு அடித்தார்கள். அந்தச் செம்போ உப்பு நீரில் கரைந்து சில ஆண்டுகளில் மெலிந்து போயிற்று. செலவு தாங்காமல் கப்பற்படையார் டேவியிடம் வந்தனர்.

இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்பு நீரில் நின்றால் ஒரு மின்கலமே உண்டாகிறது. அவற்றுள் எளிதில் வினைப்படும் உலோகம் கரைந்து எலெக்ட்ரான்களைத் தரும். மற்றது எதிர்மின்வாய் ஆகிக் கரையாமல் தப்பும். ஆகவே செம்போடு இரும்பையோ துத்தநாகத்தையோ சேர்த்து வைத்தால் செம்பு பிழைக்கும் என்று டேவி கண்டார். எலெக்ட்ரான் என்ற பெயரே பிறக்காத காலம் அது! பட்டாணி அளவு துத்தநாகம் நாற்பது ஐம்பது சதுர அங்குலச் செம்பைக் காத்தது. எதிர்மின்வாய்ப் பாதுகாப்பு என்று இன்று சொல்லப்படும் முறை இவ்வாறு பிறந்தது.

சோதனைக்கு வந்த கப்பல்களுள் ஒன்று நமக்குச் சொந்தமானது என்றே சொல்லலாம். சாமராங் என்ற அந்தப் போர்க்கப்பல் கொச்சியில் கட்டப்பட்டு 1822 இல் நீரில் இறக்கப்பட்டது. அதன் செப்புத் தகடும் இந்தியாவில் அடித்ததே. 1824 இல் அதன் முன்புறமும் பின்புறமும் இரும்புக் கட்டிகளைப் பொருத்தி அட்லாண்டிக் கடலைக் கடந்து நோவாஸ்கோஷியாவுக்கு அனுப்பினார்கள். 1825 ஜனவரியில் திரும்பி வந்தபோது செம்பு நன்றாகவே இருந்தது. டேவி மகிழ்ந்தார்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அதே பாதுகாப்புப் பெற்ற வேறு கப்பல்கள் பாசியும் கொட்டலசும் அப்பி, வேகம் குறைந்து ஊர்ந்து வந்தன. செம்பு சிறிது சிறிதாகக் கரையும்போது அந்த நஞ்சுதான் கடலுயிர்களை ஒட்டவிடாமல் செய்து வந்தது. டேவி கரைதலை நிறுத்தினார், நஞ்சும் நின்றது. அவருடைய கணக்கில் பிழையில்லை. செம்பு அளவுக்கு மீறிக் காக்கப்பட்டதே வினையாயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் கப்பற்படை அந்த இரும்புக் கட்டிகளைக் கழற்றிவிட்டது. ராயல் சொஸைட்டித் தலைவரைப் பலரும் ஏளனம் செய்தனர். அது அவர் மனத்தை வாட்டியது. 1826 இறுதியில் பக்கவாதம் தாக்கியது. உடல்நலம் தேடி ஐரோப்பாவில் அலைந்த அவர், 1829 மே 29 அன்று ஜெனிவாவில் தமது ஐம்பதாம் வயதில் காலமாகி அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

டேவி மறைந்து ஏறத்தாழ நூறாண்டுகள் கழிந்த பின், 1928 இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ராபர்ட் கூன் என்பவர் மண்ணுக்குள் ஓடும் எரிவாயுக் குழாய்க்கு இதே முறையைக் கையாண்டார். குழாயில் கடற்பாசி ஏறாது அல்லவா! உருக்குக்கு இது மிகவும் பொருந்திற்று. பின்னர் தொட்டிகளுக்கும் வந்தது. நம் மாநிலத்தில் இந்த விஞ்ஞானத்துக்கென்றே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948 இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கல் நாளில் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார்.

தொட்டிக்கு இதை இரண்டு விதமாகச் செய்கிறார்கள். மக்னீசியம் அல்லது துத்தநாகக் கட்டிகளை அடியிலுள்ள மண்ணில் புதைத்து, கம்பியால் அடித்தகட்டோடு இணைப்பது ஒன்று. உருக்குக்காகத் தன்னை இழக்கும் அந்தக் கட்டியைத் தியாக உலோகம் என்பர். பெரிய தொட்டிக்கு அது போதாது. ஆகையால் எளிதில் கரையாத மின்வாய்களை மணலில் பதித்து, வெளியிலிருந்து நேர்மின்சாரத்தைச் சிறிதளவு இடைவிடாமல் செலுத்துகின்றனர். மின்சாரம் செல்ல ஈரமான மண் வேண்டும். காற்றில் நிற்கும் சுவருக்கு இந்த முறை பயன்படாது, வர்ணமே துணை. வீட்டு வாசல் இரும்புக் கதவில் துத்தநாகத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டாலும் பயனில்லை.

பாதுகாப்பு போதுமா என்று அறிய ஒரு சிறு குழாயை ஈர மண்ணில் ஊன்றி வோல்ட்மீட்டரில் பார்க்கிறார்கள். உருக்கு அதனினும் 0.85 வோல்ட் அல்லது அதற்கு மேல் எதிர்மின்னழுத்தத்தில் இருந்தால் துருவுக்குப் பயமில்லை. மயில்துத்தக் கரைசல் நிரம்பிய அந்தக் குழாயினுள் நிற்பது ஒரு செப்புக் கம்பி.