மழலைக் கல்வியின் முன்னோடி எம்.சி. ராஜா

நம் தலைவர்களை நினைவுகூரும் போதெல்லாம் அவர்கள் வகித்த பதவிகளையும் தொடுத்த போராட்டங்களையுமே பெரிதும் பேசுகிறோம். ராவ்பகதூர் எம்.சி. ராஜா அவர்கள் முதற்கண் ஓர் ஆசிரியர் என்பது இளைஞர் பலருக்குத் தெரிவதில்லை. நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் அந்த ஆசிரியரின் வாழ்வை எடுத்துரைப்பது பொருத்தமென்று கருதுகிறோம்.

மயிலை சின்னத்தம்பி ராஜா 1883ஆம் ஆண்டு சென்னையை அடுத்த பரங்கிமலையில் பிறந்தார். இராயப்பேட்டை வெஸ்லி மிஷன் பள்ளியிலும், பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். பட்டம் பெற்றதும் ஆசிரியப் பணியை மேற்கொண்டார். பள்ளிகளுக்கான பாடநூல்களையும் எழுதினார். 1916இல் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளரானார். சென்னைச் சட்டமன்றத்தில் ஒடுக்கப்பட்டோரின் முதல் உறுப்பினராக நியமனம் பெற்றார். இழிபெயர்களை நீக்கி ஆதிதிராவிடர் என்னும் பெயரை அரசு ஆவணங்களில் வழங்கச் செய்த 1922ஆம் ஆண்டு ஆணை அவரது முயற்சியின் பயனாகும். 1927இல் மத்திய சட்டமன்றம் புகுந்தார். 1932இல் தேர்தல் முறை குறித்து அண்ணல் அம்பேத்கரோடு மாறுபட்டு நின்றார். அது தனியே ஆராயத்தக்கது.

இத்தனை பணிகளுக்கிடையே, 1930ஆம் ஆண்டு ரங்கநாயகி அம்மையாருடன் இணைந்து, மழலையர் வகுப்புக்கென்று கிண்டர்கார்டன் நூலொன்றை அவர் வெளியிட்டார். குழந்தைகள் பாடி மகிழ்வதற்குரிய தமிழ்ப் பாடல்களைக் கொண்டது அந்நூல்.

கிண்டர்கார்டன் என்பது செர்மானிய அறிஞர் ஃப்ரோபெல் 1840இல் தம் பள்ளிக்குச் சூட்டிய பெயர். குழந்தைகளின் தோட்டம் என்பது அதன் பொருள். நூற்பந்து, மரக்கட்டை, காகித மடிப்பு, பாட்டு, ஆட்டம் ஆகியவற்றின் வழியே குழந்தை உலகை அறிய வேண்டும் என்பது அவர் கொள்கை. கைவீசிப் பாடும் குழந்தைக்குத் தாளம் பிடிபடுகிறது. கட்டை அடுக்கும் குழந்தைக்கு வடிவமும் அளவும் விளங்குகின்றன. கூடி விளையாடும் குழந்தை பிறர் மனத்தை அறியப் பழகுகிறது. அமெரிக்க அறிஞர் கார்ட்னர் 1983இல் அறிவுத்திறன் ஒன்றல்ல என்றும், மொழி, கணக்கு, இசை, உடலியக்கம், இடவுணர்வு, பிறரை அறிதல், தன்னை அறிதல் என ஏழு வகைப்படும் என்றும் எழுதினார். பின்னாளில் இவ்வாறு வகுக்கப்பட்ட திறன்களுள் பலவற்றுக்கு அந்த மழலை வகுப்பறையில் முன்னரே இடமிருந்தது.

அதே 1930ஆம் ஆண்டில் நம் பகுதியில் நிகழ்ந்தது என்ன? தேவகோட்டை அன்று இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அம்மாவட்டத்தில் அவ்வாண்டு டிசம்பரில் ஆதிக்கச் சாதியார் நம் மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பொன், வெள்ளி அணியக் கூடாது, சட்டை கூடாது, குடையும் செருப்பும் கூடாது. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. நம் பிள்ளைகள் எழுத்தறியக் கூடாது, மிராசுதாரரின் மாடுகளை மட்டுமே மேய்க்க வேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கும். திருமணத்தில் மேளம் முழங்குவதற்கும் தடை இருந்தது. 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அறிக்கையில் அதிகாரி ஹட்டன் இவற்றைப் பதிவு செய்துள்ளார். பாடப் புத்தகத்தோடு பாட்டையும் குழந்தைக்கு வழங்க ஒருவர் முனைந்த காலத்தில், எழுத்தையும் இசையையும் ஒருங்கே பறிக்க வேறு சிலர் முனைந்தனர்.

இளைஞர்கள் இங்கு ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். கைத்திறனும் ஓர் அறிவே என்று நாம் கூறுவதைச் சிலர், நம் பிள்ளைகளுக்குக் கைத்தொழிலே போதும் என்று திரித்துவிடக் கூடும். 1953இல் சென்னை மாநிலத்தில் அரைநாள் பள்ளி, எஞ்சிய நேரம் பெற்றோர் தொழில் என்ற திட்டம் வந்தது. அது குலத்தொழிலில் பிணைக்கும் என்று எதிர்ப்பு எழவே, 1954இல் கைவிடப்பட்டது. தன் வளர்ச்சிக்காகக் களிமண்ணைப் பிசையும் குழந்தை வேறு. பிறப்பின் காரணமாக ஒரு தொழிலில் தள்ளப்படும் குழந்தை வேறு. எல்லாத் திறனுக்கும் வாயில் திறப்பதே கல்வி. பிறர் விரும்பும் ஒரு வாயிலை மட்டும் காட்டுவது அடக்குமுறை. எழுத்தும் கணக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைத்தாக வேண்டும். பிற திறன்கள் அவற்றோடு சேர்ந்து வளர வேண்டும்.

ராஜா அவர்கள் 1937இல் சென்னை மாகாண இடைக்கால அமைச்சரவையில் வளர்ச்சித்துறை அமைச்சராக இருந்தார். 1943 ஆகஸ்டு 20ஆம் நாள் மறைந்தார். சைதாப்பேட்டையில் அவர் பெயர் தாங்கிய மாணவர் விடுதியில் நம் பிள்ளைகள் பலர் தங்கிப் பயின்றுள்ளனர்.

மதிப்பெண் குறைந்த பிள்ளையை மக்கு என்று அழைக்கும் வழக்கம் நம் இல்லங்களிலும் புகுந்துவிட்டது. அச்சொல்லை முதலில் விலக்குவோம். மாலை வகுப்பு நடத்தும் இளைஞர்கள் நாள்தோறும் சிறிது நேரம் பாட்டுக்கும், வரைவதற்கும், கதை சொல்வதற்கும் ஒதுக்குவார்களாக. பறையின் அடவுகளைக் கண்டவுடன் பிடித்துக்கொள்ளும் சிறுவனுக்கு அந்தத் தாளத்தைக் கொண்டே பின்னக் கணக்கை விளக்கலாம். மந்தையில் காணாமற்போன ஒன்றைக் கணத்தில் கண்டறியும் சிறுமியின் கூர்நோக்கை அறிவியலுக்குத் திருப்பலாம். அந்த ஆசிரியருக்கு நாம் செலுத்தும் நன்றி இதுவே.