குகைச் சங்கத்துக் காரியதரிசி

கல்முனைக் கரையிலே கிணறு தோண்டுவது பெருங்காரியமன்று. மருதமுனை தொடக்கம் நிந்தவூர் வரை மணற்பாங்கான வளவு ஒன்றிலே சில முழ ஆழம் தோண்டினால் நீர் ஊறிவிடும். மணல் வடித்துத் தரும் நீர் தூயது என்ற நம்பிக்கையுடன் நம் முன்னோர் அதனைக் குடித்தனர், சமைத்தனர், பள்ளிவாசல் ஹவுளையும் அந்நீராலேயே நிரப்பினர். 2004ஆம் ஆண்டு மார்கழி மாதத்துக் கடற்கோள் அக்கிணறுகளிலே உப்பைக் கொட்டிச் சென்றபோதுதான், நிலத்தின் மேலே நிகழ்வது நிலத்தின் கீழேயும் சென்று சேரும் என்பது நம்மிற் பலருக்கு உறைத்தது. மணல் நாட்டிலேயே இவ்வாறாயின், வடித்தெடுக்க மணலுமின்றிப் பாறைப் பிளவுகளூடே நீர் ஓடுகின்ற சுண்ணக்கல் நாடுகளின் நிலை என்ன? யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றையும் கீரிமலை ஊற்றையும் கண்டவர்கள், அப்பாறையின் அடியிலே வேறொரு நாடே இருப்பதாக எண்ணியிருப்பர்.

அந்த வேறொரு நாட்டினுள் ஏணியிட்டு இறங்கி, அங்கே ஓடும் ஆறுகளைப் படகிற் சென்று பார்த்து, அதன் செய்தியை அரசாங்கத்தின் சட்டப் புத்தகம் வரையிற் கொண்டு சேர்த்தவர் எடுவார் அல்பிரெட் மார்ட்டெல் என்னும் பிரெஞ்சுக்காரர். அவர் சர்வகலாசாலைப் பேராசிரியருமல்லர். நிலவியல் கற்றுப் பட்டம் பெற்றவருமல்லர். பாரிஸ் நகரத்து வணிக நீதிமன்றத்திலே வழக்குப் பேசிய சட்டத்தரணி. நம் நாட்டுப் பழைய வழக்கிலே சொல்வதாயின் ஒரு பிறக்கிராசி.

1859ஆம் ஆண்டு யூலை மாதம் முதலாந் திகதி, பாரிசுக்கு அண்மையிலுள்ள பொந்துவாஸ் என்னும் ஊரிலே, சட்டத்தொழிலையே வழிவழியாகக் கொண்ட குடும்பத்தில் அவர் பிறந்தார். சிறுவனாயிருந்தபோது பெற்றோருடன் பிரனீஸ் மலைப்பக்கம் சென்று கார்கா என்னும் குகையைக் கண்டார். பள்ளியிலே அவருக்குப் பிடித்த பாடம் பூமிசாத்திரம். இருபது வயதில் ஒஸ்திரியப் பேரரசின் கீழிருந்த அடெல்ஸ்பெர்க் குகையைப் பார்த்து வியந்தார். அதுவே இன்று சுலோவீனியாவிலுள்ள பொஸ்தோய்னாக் குகை. எனினும் குடும்பத் தொழிலை அவர் கைவிடவில்லை. சட்டம் பயின்று நீதிமன்றத்திற் பணி தொடங்கினார். கோடை விடுமுறை வந்ததும் கறுப்பங்கியைக் கழற்றிவிட்டுத் தென்பிரான்சின் கோஸ் என்னும் மேட்டுநிலங்களுக்கு இரயிலேறிவிடுவார்.

கோஸ் என்பது வறண்ட சுண்ணக்கற் பூமி. பெய்கின்ற மழை மேலே தங்காது; பிலங்களினூடே இறங்கி மறைந்துவிடும். ஆட்டிடையர்கள் அப்பிலங்களைப் பேய் வாழும் வாயில்கள் என்று அஞ்சினர். அங்கே பொனேர் என்னும் சிற்றாறு ஒன்று பாறைக்குள் நுழைந்து காணாமற்போய், மலையின் மறுபக்கத்திலே பேரிரைச்சலுடன் வெளிவருகின்றது. அவ்விடத்துக்குப் பிராமபியோ என்று பெயர். கதறும் எருது என்பது அதன் பொருள். 1888ஆம் ஆண்டு யூன் மாதம் 27ஆம், 28ஆம் திகதிகளில் மார்ட்டெலும் துணைவர் சிலரும் ஆறு நுழைந்த வாயிலால் நுழைந்து, ஆறு வந்த வாயிலால் வெளிவந்தனர். குகையாராய்ச்சியைத் தனியொரு துறையாகக் கருதுவோர் அத்துறையின் பிறந்தநாளை அந்த இரண்டு நாட்களிலிருந்தே எண்ணுவதுண்டு.

மறு ஆண்டிலே பதிராக். ஏறத்தாழ நூறடி அகலமும் இருநூற்றைம்பதடி ஆழமும் கொண்ட பெருங்குழி அது. 1889 யூலையிலே அதனுள் இறங்கியபோது அடியில் ஓர் ஆறு ஓடுவது தெரிந்தது. மார்ட்டெலிடம் அமெரிக்காவிலே செய்யப்பட்ட மடக்குப் படகொன்று இருந்தது. கித்தான் துணியாலாகிய அப்படகுக்கு முதலை என்று பெயரிட்டிருந்தார். கப்ரியேல் கோப்பியாவும் அவரும் மெழுகுதிரி வெளிச்சத்தில், எவரும் கண்டிராத அந்நீர்ப்பரப்பிலே துடுப்பு வலித்துச் சென்றனர்.

இங்கே இன்னொருவரைக் குறிப்பிடாமற் செல்வது நன்றியாகாது. லூயி ஆர்மான் என்பவர் லெ ரோசியே என்னும் சிற்றூரின் கொல்லர். மார்ட்டெலின் கயிற்றேணிகளையும் கருவிகளையும் கவனித்தவரும், இடுக்கான துளைகளிலே முதலில் இறங்கியவரும் பெரும்பாலும் அவரே. 1897ஆம் ஆண்டு செத்தெம்பரில் மேட்டுநிலத்திலே ஒரு துளையைக் கண்டுபிடித்து, மார்ட்டெலிடம் ஓடோடி வந்து அறிவித்தவரும் அவரே. உள்ளே நூறடி உயரம் வரை எழுந்துநிற்கும் கற்றூண்கள் நானூறு அளவில் இருந்தன. அக்குகைக்குப் பாரிஸ் சட்டத்தரணியின் பெயர் இடப்படவில்லை. கொல்லரின் பெயரே இடப்பட்டது. இன்றும் அது ஆர்மான் பிலம் என்றே வழங்குகின்றது. கற்றவர் பெயரைக் கல்லில் வெட்டிக் கைவினைஞர் பெயரை மறக்கும் உலகிலே இது சிறிய செயலன்று.

இனி நமது கிணற்றுக்கு வருவோம்.

1891ஆம் ஆண்டு லோத் மாகாணத்திலே மார்ட்டெலும் கோப்பியாவும் வெயிலிற் களைத்து, பெரி என்னுமிடத்து ஊற்றொன்றிலே நீரருந்தினர். பளிங்குபோன்ற நீர். பின்னர் இருவரும் கடும் நோயுற்றனர். அயலிலிருந்த பிலத்தினுள் இறங்கிப் பார்த்தபோது, செத்த கன்றொன்று அங்கே அழுகிக் கிடந்தது. அதன்மேலே ஓடிய நீர்தான் கீழே ஊற்றாக வந்தது என்பது புரிந்தது. இறந்த கால்நடைகளைப் பிலத்திலே தள்ளுவது அந்நாட்டு உழவர் வழக்கம். புதைப்பதற்கு உழைப்பு வேண்டும், பிலமோ எதனையும் கேளாமல் ஏற்றுக்கொள்ளும். அவ்வாறு தள்ளியவர் தம் பிள்ளைகள் குடிக்கும் நீரிலேயே அதனைத் தள்ளினார் என்பதை அவருக்கு எவரும் காட்டியதில்லை.

நோய் தீர்ந்ததும் சட்டத்தரணியின் மூளை விழித்தது போலும். சுண்ணக்கல் நாட்டிலே ஊற்று என்று மக்கள் போற்றுபவற்றிற் பல உண்மையான ஊற்றுகளல்ல; வேறோரிடத்தில் மறைந்த நீர் வடிகட்டப்படாமலே மீண்டும் வெளிப்படுபவை என்று அவர் வாதிட்டார். அவற்றுக்கு மீள்வெளிப்பாடு என்ற பொருளில் ஒரு புதுச்சொல்லையும் வழங்கினார். ஒரு பிலத்திலே புளோரெசீன் என்னும் பச்சைச் சாயத்தைக் கரைத்து, எந்த ஊற்றிலே நிறம் தோன்றுகின்றது என்று காத்திருந்து பார்க்கும் முறையைப் பலவிடங்களிற் கையாண்டார். இதற்குத் தற்செயலாக வாய்த்த சான்றொன்றும் உண்டு. 1901ஆம் ஆண்டு ஆகத்து மாதத்திலே பொந்தார்லியே நகரத்து மதுவடிசாலை இடிவிழுந்து தீப்பற்றியபோது, பீப்பாய்களிலிருந்த மது தூ என்னும் ஆற்றிலே திறந்துவிடப்பட்டது. இரண்டு நாட்களின் பின், மலைக்கு அப்பாலுள்ள லூ என்னும் ஆற்றின் ஊற்றிலே அம்மதுவின் மணம் வீசியது. ஆற்றுநீர் பாறைக்குள் இறங்கி அவ்வூற்றை அடைகின்றது என்பதை 1910இல் மார்ட்டெல் சாயமிட்டு உறுதிசெய்தார். மது நன்மைக்குப் பயன்பட்டதாக நான் அறிந்த கதை இஃது ஒன்றே.

ஆயினும் ஒரு தனிமனிதர் எத்தனை பிலங்களிலே இறங்கிப் பார்க்க முடியும்? பிரான்சிலே பிலங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. ஒவ்வோர் ஊரிலும் அவற்றை அறிந்தவர் ஒருவரோ இருவரோ இருந்தனர். ஒருவர் அறிந்தது மற்றவருக்குத் தெரியாது. 1895ஆம் ஆண்டு பெப்ருவரியிலே மார்ட்டெல் பாரிசில் ஸ்பெலியோலொஜி சங்கத்தை நிறுவினார். அச்சொல்லும் அப்போது புதியது; அதனை ஆக்கியவர் வேறொருவர், ஊர் முழுதும் வழங்கச் செய்தவர் மார்ட்டெல். தலைவர் பதவியை மற்றொருவருக்கு அளித்துத் தாம் காரியதரிசியானார். சங்கம் நடத்திப் பழகியோர் இதன் பொருளை உணர்வர். மாலை தலைவருக்கு, கடிதம் எழுதுவது காரியதரிசிக்கு. உறுப்பினரின் அறிக்கைகளைச் சேர்த்து, வரைபடங்களைச் சரிபார்த்து, வெளிநாட்டார்க்கு எழுதி, ஸ்பெலுங்கா என்னும் சஞ்சிகையை வெளியிடும் வேலை அவர் மேசைமீது விழுந்தது. 1899இல் நீதிமன்றத் தொழிலையே அவர் துறந்துவிட்டார்.

சங்கம் தோன்றிய அதே ஆண்டில் நிகழ்ந்த ஒரு சம்பவம், சங்கங்களுக்கிடையிலான உறவு எத்துணை நுண்ணியது என்பதைக் காட்டும். இலண்டனிலே பூமிசாத்திர மாநாட்டுக்கு வந்த மார்ட்டெல், அங்கிருந்து யோர்க்சயருக்குச் சென்றார். கேப்பிங் கில் என்பது அங்குள்ள ஆழ்பிலம். ஓர் ஓடை ஏறத்தாழ முந்நூற்று நாற்பதடி நேரே வீழ்ந்து மறைகின்ற இடம். 1842இல் பேர்க்பெக் என்பவர் பாதிவழி வரை இறங்கித் திரும்பியிருந்தார். 1892இல் தோன்றிய யோர்க்சயர் உலாவுவோர் கழகத்தைச் சேர்ந்த கல்வேர்ட் என்பவர், அடிவரை இறங்குவதற்குத் திட்டமிட்டுக் கொண்டிருந்தார். 1895 ஆகத்து முதலாந் திகதி, ஓடையைத் திருப்பிவிட்டு, கயிற்றேணியும் தொலைபேசியும் துணையாக மார்ட்டெல் இறங்கிவிட்டார். தம் ஊர்ப் பிலத்தின் முதற்பெருமையை அந்நியர் ஒருவர் கொண்டுபோனது அவ்வூரார்க்கு எப்படியிருந்திருக்கும்? நம் ஊர் விளையாட்டுக் கழகங்களாயின் பத்தாண்டு பேசாதிருந்திருக்கும். கல்வேர்ட் குழுவினரோ மறு ஆண்டிலே தாமும் இறங்கி, மார்ட்டெல் காணாத பகுதிகளை அளக்கத் தலைப்பட்டனர். இன்று பிராட்போர்ட், கிரேவன் என்னும் இரு கழகங்கள் ஆண்டுதோறும் அவ்விடத்திலே சுழலியந்திரம் நாட்டி, பொதுமக்களை நாற்காலியில் இருத்தி அடிவரை இறக்கிக் காட்டுகின்றன. வட இங்கிலாந்துக் கழகங்கள் யாவும் இணைந்த பேரவையொன்றும் உண்டு. நிலவுடைமையாளரிடம் அனுமதி பெறுவது, இறங்குவதற்கான ஆணிகளைப் பாறையிலே பொருத்துவது, குகைகளைப் பாதுகாப்பது ஆகிய புகழில்லா வேலைகளை அது செய்கின்றது. முந்தியவர் யார் என்னும் வழக்கு அங்கே எழாமலில்லை. ஆனால் கயிறு பொதுவாயிற்று.

மார்ட்டெலின் சங்கம் சேர்த்த அறிக்கைகளும் அவர் ஓயாது எழுதிய கட்டுரைகளும் வீண்போகவில்லை. 1902ஆம் ஆண்டு பெப்ருவரி 15ஆம் திகதி பிரெஞ்சு அரசாங்கம் நிறைவேற்றிய பொதுச் சுகாதாரச் சட்டத்திலே, விலங்குகளின் பிணங்களைப் பிலங்களில் எறிவது தண்டனைக்குரிய குற்றமாயிற்று. அவரது இறக்கங்கள் அனைத்திலும் ஆழமானது இந்தச் சட்டமே என்று நான் கருதுகிறேன். அதைவிட ஆழமான பிலங்களிலே பின்வந்தோர் இறங்கிவிட்டனர். அச்சட்டத்தினால் நோயினின்று தப்பியவர் எத்தனை பேர் என்பதை யாரும் எண்ணிவிட முடியாது.

1905இலே அரசாங்கப் பணியாக வெர்டோன் ஆற்றின் பெருங்கணவாயை ஆர்மானுடனும், ரூகோன் என்ற ஊரின் பள்ளியாசிரியர் இசிடோர் பிளானுடனும் கடந்தார். கவுக்கசு மலைக்கும் அமெரிக்காவின் மம்மத் குகைக்கும் சென்றார். மயோர்க்காத் தீவிலே 1896இல் அவர் கண்ட நிலத்தடி ஏரி அவர் பெயரால் வழங்குகின்றது. பின்னாளிலே பாரிஸ் பூமிசாத்திரச் சங்கத்தின் தலைவராகவும் விளங்கினார்.

குறையும் உண்டு. பாறைக்குள் நீர் வாய்க்கால் வாய்க்காலாகவே ஓடும் என்ற கொள்கையை அவர் மிகக் கடுமையாகப் பற்றி நின்றார். பிளவுகளெங்கும் நிறைந்து நிற்கும் நீரும் உண்டென்று சொன்ன பிறநாட்டு அறிஞரோடு ஓயாது வாதிட்டார். இரண்டும் உண்மையே என்பது பிற்கால ஆராய்ச்சியின் முடிவு. மற்றொரு குறை, சங்கம் அவர் ஒருவர் தோளிலேயே தங்கியிருந்தமை. 1914இலே போர் மூண்டது, ஸ்பெலுங்கா நின்றது. போர் முடிந்தபின்னும் சங்கம் எழவில்லை. அவருக்குப்பின் கடிதம் எழுதுவதற்கு ஒருவரை அவர் பழக்கியிருந்தாரா என்று கேட்கத் தோன்றுகின்றது. சங்க வரலாறுகளிலே இக்கேள்வி நமக்கும் புதிதன்று.

பதினாறு ஆண்டுகள் சென்றன. 1930இலே ரொபேர் தெ ஜொலி என்பவர் தென்பிரான்சிலே புதிய கழகமொன்றைக் கூட்டி, ஸ்பெலுங்கா என்னும் பெயரை மீண்டும் அட்டையிலே அச்சிட்டார். மார்ட்டெல் அப்போது எழுபது கடந்த முதியவர். அதனைக் கண்ணாற் காணும் பேறு அவருக்குக் கிட்டியது. 1938ஆம் ஆண்டு யூன் மாதம் 3ஆந் திகதி அவர் காலமானார்.

1963இலே பிரெஞ்சுக் குகைக் கழகங்களெல்லாம் ஒரே சம்மேளனமாயின. அச்சம்மேளனத்தின் சஞ்சிகைக்கும் பெயர் ஸ்பெலுங்காதான். 1965இலே பல நாட்டாரும் கூடி அனைத்துலக ஒன்றியம் அமைத்தது, இருபது வயது இளைஞராக மார்ட்டெல் அடெல்ஸ்பெர்க் குகையைப் பார்த்து நின்ற அந்தச் சுலோவீனிய மண்ணிலேதான்.

2010களிலே சுன்னாகத்துக் கிணறுகளிலே எண்ணெய் கலந்ததாக எழுந்த பெருங்குரலை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். அந்த எண்ணெய் எந்த வழியாக எந்தக் கிணற்றை அடைந்தது என்று அப்போது எழுந்த விவாதங்களைப் படித்தபோது, மேலே ஒரு செத்த கன்றும் கீழே ஒரு பளிங்கு ஊற்றும் என் நினைவுக்கு வந்தன.