மதுராந்தகம் ஏரியைக் கட்டிக்காத்த பிளேஸ் துரையும் நம் கோடைத் தோட்டமும்

மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கோயிலுக்குப் போனவர்கள், தாயார் சன்னதிக் கல்வெட்டில் ஒரு வெள்ளைக்காரர் பெயரைப் பார்த்திருப்பீர்கள். அவர்தான் லயோனல் பிளேஸ். 1794 முதல் 1798 வரை இந்தச் சீமையின் கலெக்டர். சித்திரை வெயிலில் கிணற்றை நம்பி வெண்டையும் கீரையும் போடுகிற நாம் அவர் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்று செங்கல்பட்டுச் சீமைக்கு ஜாகீர் என்று பெயர். 1763-ல் ஆற்காட்டு நவாப் அதைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தார். 1780-ல் ஹைதர் அலியின் படை வந்தபோது ஊர்கள் காலியாயின. குடிகள் போன பிறகு ஏரிகளை யார் பார்ப்பது? கரை உடைந்தது, மதகு தூர்ந்தது. கம்பெனியோ நிலத்தைக் குத்தகைக்காரர்களிடம் விட்டிருந்தது. குத்தகை எடுத்தவருக்கு அந்த வருஷ மகசூல்தான் கணக்கு; அடுத்த வருஷம் கரை நிற்குமா என்பது அவர் கவலை இல்லை.

பிளேஸ் வந்ததும் குத்தகைக்காரர்களை விலக்கிவிட்டு, கிராமங்களோடு நேரடியாகவே வரி பேசினார். ஏரியில் தண்ணீர் இல்லாவிட்டால் விளைச்சல் இல்லை, விளைச்சல் இல்லாவிட்டால் வரி இல்லை என்பது அவருக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. ஏரி மராமத்தில் அவர் காட்டிய அக்கறைக்கு இதுதான் காரணம், குடிகள் மேல் இருந்த பாசம் அல்ல. முன்பு களத்து மேட்டில் நெல் குவியும்போதே ஏரிப் பராமரிப்புக்கென ஒரு பங்கு பிரித்து வைப்பார்கள். அவருக்கு முன்னால் பர்னார்டு என்ற கம்பெனி அதிகாரி இந்தச் சீமையை அளந்து எழுதிய கணக்குகளில் இந்தப் பங்குகள் ஊர் ஊராகப் பதிவாகியிருக்கின்றன. பின்னாளில் வரி ஏற ஏற அந்தப் பழக்கம் தேய்ந்துபோனது. எனக்குக் கேட்டால் ஏரிகளுக்குப் பெரிய கேடு அதுதான்.

பிளேஸ் கறாரானவர். தான் கேட்ட வரிக்கு இசையாத மிராசுதாரர்களை விலக்கிவிட்டு வேறு குடிகளிடம் நிலத்தை ஒப்படைத்தார். அதனால் அவரைச் சபித்தவர்களும் உண்டு. அதே மனிதர் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்கு நகை கொடுத்தார். 

மதுராந்தகம் ஏரிக் கதை ஊருக்கே தெரியும். மழைக்காலம் வந்தால் கரை உடையும். பிளேஸ் கல் இறக்கிப் பலப்படுத்திக்கொண்டிருந்தார். அந்தக் கல்லில் கொஞ்சம் தாயார் சன்னதிக்குக் கொடுங்கள் என்று கோயில்காரர்கள் கேட்க, இந்த மழைக்குக் கரை நின்றால் நானே கட்டித் தருகிறேன் என்றாராம். அடைமழை இரவில் கரைக்குப் போனவர், வில்லோடு இரண்டு பேர் காவல் நிற்பதைக் கண்டதாகச் சொல்வார்கள். கரை நின்றது, சன்னதியும் எழுந்தது. நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். கொட்டும் மழையில் கலெக்டரே கரைக்குப் போனார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சீமையைப் பற்றி 1799-ல் நீண்ட அறிக்கை ஒன்று எழுதிக் கொடுத்தார். அதோடு அவர் கதை இங்கே முடிகிறது.

ஏரி நெல்லுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். கார்த்திகையில் ஏரியில் நிற்கிற தண்ணீர்தான் மண்ணுக்குள் இறங்கி, சித்திரையில் ஆயக்கட்டுக் கிணறுகளில் ஊறுகிறது. கிணறு ஓரளவு ஊறும் இடத்தில் வெண்டையை 45 செ.மீ.க்கு 30 செ.மீ. இடைவெளியில் போடலாம். தண்ணீர் இன்னும் குறைவா, கொத்தவரைக்குப் போங்கள். வரப்போரம் அகத்தியும் முருங்கையும் வைத்தால் பூவும் சமையலுக்கு ஆகும். பூசணியில் ஆண்பூவைப் பறிக்கலாம். காலையில் வண்டு வந்து போன பிறகு பறியுங்கள், கொடிக்குக் கொஞ்சம் விட்டுவையுங்கள். அடியில் பிஞ்சு போன்ற முடிச்சு இருந்தால் அது பெண்பூ, தொடாதீர்கள்.

மாமல்லபுரம் பக்கத்து மணல் நிலத்தில் கதை வேறு. அங்கே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. மோட்டாரை விடாமல் ஓட்டினால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக இறையுங்கள், கிணற்றை மேலும் ஆழப்படுத்த வேண்டாம். மணலில் ஈரம் நிற்க, வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்கி ஏரி வண்டல் அடிக்கலாம், ஏரியும் ஆழமாகும்.

வண்டல் எடுக்கப் போகும்போது கரையையும் ஒரு நடை பாருங்கள். எலி வளை, நண்டு வளை, வேர் போன பொந்து, கசிவு எது இருந்தாலும் ஆடிக்குள் நீர்வளத் துறைக்கோ ஊராட்சிக்கோ எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கரையில் மண் நிற்காது.