ஒற்றைக் காமிராவோடு உலகஞ் சுற்றியவர்

எம் ஊராகிய சாயல்குடியில் திருமணப் படம் எடுப்பதைத் தொழிலாகக் கொண்ட உறவினர் ஒருவர் எனக்குண்டு. கழுத்தில் ஒரு காமிராவும் இரு தோள்களில் இரண்டும் பைநிறைய லென்சுகளுமாக அவர் பந்தலுக்குட் புகுங் காட்சி, படைக்கலம் பல பூண்டு போருக்கெழுந்த மறவனை நினைப்பூட்டும். சென்ற ஆண்டு மூக்கையூர்ப் பக்கத்து மணவினையொன்றில், குருவானவர் ஜெபித்துக் கொடுத்த தாலியை மணமகன் கட்டுகின்ற அந்நொடியில், அன்னார் ஒரு காமிராவை விடுத்து மற்றொன்றைக் கையிலெடுப்பதில் முனைந்திருந்தார். நிமிர்ந்து நோக்கியபொழுது முடிச்சுகள் விழுந்து முடிந்திருந்தன. மறுபடி கட்டுமாறு மணமகனைக் கேட்டல் கூடுமோ? பெண் வீட்டார் சினந்தனர். பேசிய கூலியிலும் குறைத்தே கொடுத்தனர். அன்றிரவு அவர் என்னை நோக்கி, இவையனைத்தையும் விற்று நல்ல காமிரா ஒன்றே ஒன்று வாங்கிவிடின் என்ன என்று வினவினார். தமிழ் பயிலும் எனக்கு அத்துறையில் அறிவு ஏது? ஆயினும் அக்கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை. அதனை முன்னிட்டே ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் என்னும் பிரெஞ்சுப் பெரியாரின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன். படித்தவற்றுட் சிலவற்றை ஈண்டு எழுதுகின்றேன்.

இவர் 1908-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 22-ஆம் நாள், பாரிசு மாநகர்க்கு அண்மையதாகிய ஷாந்தலூப்-ஆன்-பிரீ என்னும் ஊரிற் பிறந்தார். ஐந்து மக்களுள் மூத்தவர். இவர்தங் குடும்பத்தார் நூல் வாணிகத்திற் பெரும்பொருள் ஈட்டியவர். பிரான்சு நாட்டு மகளிரின் தையற்பெட்டிகளில் அக்குடும்பப் பெயர் பொறித்த நூல் இல்லாதன சிலவே எனலாம். தந்தையின் வாணிகத்தை மைந்தர் விரும்பினாரல்லர். ஓவியத்தையே விரும்பினார். 1927-ஆம் ஆண்டில் ஆந்திரே லோத் என்னும் ஓவியரிடஞ் சேர்ந்து, ஒரு சட்டத்தினுள் உருவங்களை எங்ஙனம் அமைத்தல் வேண்டும் என்பதைக் கற்றார். பின்னாளில் இவர் எடுத்த படங்களில் ஒரு கோடும் வீணாகாது நிற்பதற்கு இப்பயிற்சியே வித்து என்பது என் துணிபு. சிறுவராக இருந்த காலத்தே பெட்டி போன்ற எளிய காமிரா ஒன்று இவர் கையிலிருந்ததுண்டு. அஃது அப்போது விளையாட்டுப் பொருளே.

இருபத்திரண்டாம் வயதளவில் ஆப்பிரிக்கக் கண்டத்து ஐவரி கோஸ்டு நாட்டிற்குச் சென்று வேட்டையாடி வாழ்ந்தார். ஆண்டுக் கொடிய காய்ச்சல் பற்றிக்கொள்ள, இறப்பு உறுதியென்று எண்ணித் தம் அடக்கத்தைப் பற்றி வீட்டிற்கு எழுதியும் விட்டார். கையோடு கொண்டு சென்ற சிறு காமிராவில் எடுத்த படச்சுருள்களிற் பெரும்பகுதி அந்நாட்டின் ஈரத்தாற் பழுதுற்றது. உயிர் பிழைத்துப் பிரான்சிற்கு மீண்டவர், மார்ட்டின் முங்காச்சி என்பார் எடுத்த ஒரு படத்தைக் கண்டார். டாங்கனீகா ஏரியின் அலையை நோக்கிச் சிறுவர் மூவர் ஓடும் படம் அது. ஓடுகின்ற வாழ்வை ஒரு நொடியிற் பற்றி நிறுத்தலாகும் என்பதை அப்படம் இவருக்குக் காட்டிற்று. தூரிகையை வைத்துவிட்டு 1932-ஆம் ஆண்டு மார்சேல் நகரில் லைக்கா காமிரா ஒன்றைப் பெற்றார்.

இனி அக்காமிராவைப் பற்றிச் சிறிது கூறாதொழிதல் இயலாது. அதனை அமைத்தவர் ஜெர்மானியராகிய ஆஸ்கர் பர்னாக். ஈளை நோயினால் வருந்திய அவருக்குக் கனத்த கண்ணாடித் தட்டுக் காமிராவையும் முக்காலியையும் மலைப்பாதையிற் சுமத்தல் அரிதாயிற்று. ஆகவே சினிமாப் படச்சுருளைக் கொண்டே இயங்குஞ் சிறு காமிரா ஒன்றை 1914-க்குள் அவர் செய்து முடித்தார். அதன்வழி வந்த லைக்கா 1925-ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையில் வெளிப்பட்டது. சட்டைப்பைக்குள் அடங்குவது; ஒரு சுருளில் 36 படங்கள் எடுப்பது. மூச்சு விடுதற்கு இடர்ப்பட்ட ஒருவரால் உலகத்தார்க்குச் சுமை குறைந்தது!

1932-ஆம் ஆண்டு வெளிவந்த இரண்டாம் மாதிரியில் ரேஞ்சுபைண்டர் எனப்படும் தூரமளவி லென்சுடன் இணைக்கப்பெற்றது. அது வேலை செய்யும் முறை எளிது. காமிராவின் முகத்தில் இடைவெளி விட்டு இரண்டு சிறு சாளரங்கள் உள. இரண்டின் வழியாகவும் வரும் உருவங்கள் நாம் நோக்கும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தோன்றும். லென்சைத் திருப்பத் திருப்ப, பிரிந்து நின்ற இரண்டும் நெருங்கும். ஒன்றாயின் தூரம் சரி. நாம் காண்பது லென்சின் வழியே அன்றாதலின், படம் பதிகின்ற அந்நொடியிலும் காட்சி கண்ணை விட்டு மறைவதில்லை. உள்ளே கண்ணாடி எழுந்து வீழ்வதில்லையாகவே ஓசையும் மிகச் சிறிது. குறையும் உண்டு. மிக அருகிலுள்ள பொருளை எடுக்கும்போது கண் காண்பதும் லென்சு காண்பதும் வேறுபடும். நெடுந்தொலைவிலுள்ளதை எடுத்தற்கும் அஃது ஏற்றதன்று. எம் கடற்கரையில் நின்று, தொலைவிற் பாய் விரித்துச் செல்லும் வல்லத்திலிருப்போர் முகத்தை எடுக்க விரும்புவோனுக்கு இக்கருவி உதவாது.

பிரெஸ்ஸோன் இக்காமிராவையும் 50 மில்லிமீட்டர் லென்சு ஒன்றையுமே தம் கருவியாகக் கொண்டார். பளபளக்கும் பாகங்களைக் கரிய நாடாவால் ஒட்டி மறைத்தார். மின்னல்போல் ஒளிவிடும் விளக்கை வெறுத்தார். எடுத்த படத்தின் ஓரத்தைப் பின்னர் வெட்டிச் சீராக்குதலையும் ஒப்பவில்லை. ஆயினும் 1932-இல் சேன் லசார் இருப்புப்பாதை நிலையத்தின் பின்புறத்தே, நீர் தேங்கிய நிலத்தின்மேல் ஒருவர் தாவும் புகழ்பெற்ற படம், பலகை வேலியின் இடுக்கில் லென்சை வைத்து எடுத்ததாதலின் ஓரம் வெட்டப்பட்டதே. பெரியோர் விதிக்கும் விதிகளுக்கு விலக்கும் அவர்களே ஆவர் போலும்! ஒற்றைக் காமிரா என்று நாம் கூறுவதையும் முழுக்க எழுத்தெண்ணிக் கொள்ளலாகாது. வேண்டுமிடத்து 35 மில்லிமீட்டர் லென்சையும் 90 மில்லிமீட்டர் லென்சையும் அவர் பயன்படுத்தியதுண்டு. பெரும்பான்மை நோக்கியே ஒன்றென்கின்றோம். மாற்கு எழுதிய நற்செய்தியில் ஆண்டவர் சீடரை அனுப்புங்கால் வழிக்கு ஒரு கோலை மட்டும் அனுமதித்தார். லூக்காவோ அக்கோலையும் விலக்கியதாக எழுதுகின்றார். உரையாசிரியர்க்கு வேலை தருவது இத்தகைய இடங்களே.

1937-ஆம் ஆண்டு இலண்டனில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவிற்குச் சென்ற இவர், மன்னரை விடுத்து அவரைக் காணத் திரண்ட மக்களையே படமெடுத்தார். ரத்னா மோகினி என்னும் யாவாத் தீவு நடனமாதை மணந்ததும் அவ்வாண்டே. திரைப்படத் துறையிலும் புகுந்து ழான் ரெனுவாரிடம் உதவியாளராகச் சில படங்களில் தொழில் செய்தார். அதனை விரித்தல் வேண்டா.

உலகப்போர் மூண்டது. படையிற் படம்பிடிக்கும் பிரிவிற் சேர்ந்த பிரெஸ்ஸோன் 1940-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். பிடிபடுமுன் அவர் செய்த செயலொன்று என் உள்ளத்தை உருக்கியது. வோஸ்ழ் மலைப்பகுதியிலுள்ள ஒரு பண்ணை நிலத்தில் தம் லைக்காவைப் புதைத்து வைத்தார். ஏறக்குறைய மூன்றாண்டு சிறைமுகாம்களில் வன்பணி செய்தார். இருமுறை தப்பியோடிப் பிடிபட்டார். 1943-இல் மூன்றாம் முறை தப்பினார். தப்பியபின் அந்நிலத்திற்குச் சென்று மண்ணைத் தோண்டிக் காமிராவை மீட்டார். பத்துக் கருவியுடையான் ஒன்றைப் புதைத்துச் சென்றிருப்பின், அவ்விடத்தைத் தேடிச் செல்வானோ என்பது ஐயமே. போரில் அவர் இறந்தாரென்றே அமெரிக்கர் கருதி, நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தில் நினைவுக் காட்சி ஒன்றற்கு ஏற்பாடு செய்யலாயினர். இறந்தவர் தாமே முன்வந்து அவ்வேற்பாட்டில் உதவ, 1947-இல் அக்காட்சி நடந்தேறியது.

அவ்வாண்டே ராபர்ட் காப்பா, டேவிட் சீமோர், ஜார்ஜ் ரோஜர் முதலியோருடன் கூடி மேக்னம் என்னுங் கூட்டுறவு நிலையத்தை நிறுவினார். எடுத்த படத்தின் உரிமை எடுத்தவர்க்கே என்பது அதன் கொள்கை. உலகைப் பங்கிட்டுக்கொண்டபோது ஆசியா இவர்க்கு வாய்த்தது. 1947-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இந்தியா வந்து, பிரிவினையால் வீடிழந்தோர் குருக்ஷேத்திர முகாமில் அடைந்த அல்லலைப் படமாக்கினார்.

1948-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் பிற்பகல், டெல்லி பிர்லா மாளிகையில் காந்தியடிகளைக் கண்டு தம் படநூலைக் காட்டினார். ஏடுகளைப் புரட்டிவந்த அடிகள், பிணவண்டியின் அருகே கவிஞர் கிளாடேல் நிற்கும் படத்தில் நிறுத்தி, அதன் பொருளை வினவினார் என்பர். பிரெஸ்ஸோன் விடைபெற்றுச் சென்று சிறிது நேரமே கழிந்திருக்கும். அடிகள் சுடப்பட்டார் என்ற கூக்குரல் எழுந்தது. விரைந்து மீண்டார். அவ்விரவு நேரு பெருமான் மாளிகை வாயிலிற் கூட்டத்தார்க்கு அச்செய்தியைக் கூறும் படம், விளக்கின் அற்ப ஒளியில் எடுத்தது. சிறிது கலங்கியே இருக்கிறது. அக்கலக்கமே அவ்விரவிற்கு உரியதென்று எனக்குத் தோன்றுகின்றது.

அதே நாளில் அடிகளைப் பேட்டி கண்ட இன்னொருவரும் உளர். அவர் அமெரிக்க அம்மையார் மார்கரெட் பர்க்-ஒயிட். 1904-இல் பிறந்து 1971-இல் மறைந்த இவ்வம்மையார், பெரிய காமிராக்களும் சிறியவும் விளக்குகளுமாகப் பெருஞ்சுமையுடன் செல்லும் இயல்பினர். 1946-இல் அடிகளைச் சர்க்காவின் அருகே எடுத்த படம் இவருடையதே. அதற்கு முன் இராட்டை சுற்றக் கற்றுவருமாறு பணிக்கப்பட்டார். மூன்றே விளக்குகள் எரிக்க இசைவு கிடைத்தது, முதலது பயன்படவில்லை, இரண்டாவதில் அம்மையாரே பிழை செய்தார், மூன்றாவதில் உலகறிந்த படம் விழுந்தது. ஆனால் அடிகளின் திருவுடல் கிடந்த அறையில் இவர் விளக்கொளி வீசிப் படமெடுக்க முற்பட்டபோது, அழுதுகொண்டிருந்தோர் வெகுண்டனர், படச்சுருளும் பறிபோயிற்று. பிரெஸ்ஸோனோ யாரும் அறியாதவாறு கூட்டத்துள் ஒருவராகவே நின்று, மறுநாள் ஈமச்சடங்கினையும் பின்னர் அஸ்தி செல்லும் இரயிலைக் காணத் திரண்ட மக்களையும் எடுத்தார். இதனால் அம்மையாரைத் தாழ்த்திப் பேசுதல் நேரிதன்று. ஆலைகளையும் அணைகளையும் அவர் எடுத்தவாறு சிறு லைக்காவால் எடுத்தல் அரிது. லைஃப் பத்திரிகையின் முதலிதழ் முகப்பை 1936-இல் அணிசெய்தது அவர் எடுத்த அணைப்படமே. துயர வீட்டினுட் புகுதற்கே அக்கருவிகள் ஒவ்வாதனவாயின.

நண்பர் காப்பாவின் வழியும் வேறே. வண்ணப்படத்திற்கு ஒன்று, கறுப்பு வெள்ளைக்கு ஒன்று என இரண்டு காமிராக்கள் வேண்டிய காலம் அது. 1954-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் இந்தோசீனத்தில் கண்ணிவெடியில் அவர் மாண்டபோது காண்டாக்ஸ் ஒன்றும் நிக்கான் ஒன்றும் உடனிருந்தன. பத்திரிகையார் வண்ணம் வேண்டினர். போர்க்களத்தில் சுருளை மாற்றப் பொழுதேது? எனவே அவரைக் குறைகூறுவார் யார்? பிரெஸ்ஸோனுக்கு வண்ணத்தில் விருப்பமே இல்லை. ஆதலின் ஒன்று போதியதாயிற்று. பிடிக்காதது ஒன்றை விட்டொழித்தமையால் அன்றோ ஒருவர்க்குக் கை ஒழிந்திருக்கிறது!

தமிழ்நாட்டிற்கும் இவர் வந்ததுண்டு. 1950-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் திருவண்ணாமலையில் தங்கி ரமண மகரிஷியைப் படமெடுத்தார். 14-ஆம் நாள் இரவு வானத்தில் ஓர் ஒளி ஊர்ந்து மலைப்பக்கம் சென்றதைக் கண்டு கடிகாரத்தை நோக்கினார்; மணி 8.47. மகரிஷி உயிர் நீத்த நேரமும் அதுவே என்று பின்னர் அறிந்தார். அத்திங்களிலேயே புதுச்சேரி சென்று, நெடுங்காலம் எவரும் படம் எடாதிருந்த அரவிந்தரை அவர்தம் அறையில் எடுத்தார். அவ்வாண்டு டிசம்பரில் அரவிந்தரும் மறைந்தார். முக்காலியும் விளக்கும் திரையுமாகச் சென்றிருப்பின் அவ்வறைகளின் வாயில் திறந்திருக்குமோ?

1952-இல் வெளிவந்த அவருடைய பெருநூலுக்கு ஓவியர் மத்தீஸ் மேலட்டை வரைந்தளித்தார். 1954-இல் சோவியத்து நாட்டினுள்ளும் புகுந்து படம் எடுத்தார். இவற்றை வரிசையாகக் கூறின் இதழின் பக்கங்கள் போதா.

இவ்வளவும் கேட்ட என் உறவினர், பிரெஸ்ஸோனுக்கு யாரேனும் தாலிப்படம் இல்லையென்று கூலியைக் குறைத்தனரா என்று வினவினார். நியாயமான கேள்வியே. பிரெஸ்ஸோன் தாம் கண்டதை எடுத்தார். இவரோ பிறர் வேண்டுவதை எடுத்தல் வேண்டும். ஒரு காமிரா பழுதுற்றால் மணம் காத்திராது. ஆகவே இரண்டாவது ஒன்று பையில் இருத்தல் வேண்டும் என்று யானும் ஒப்பினேன். மூன்றாவதை விற்றுவிட்டார். தாலி கட்டுமுன் பையைத் திறப்பதில்லை என்றும் முடிவு செய்துள்ளார்.

1970-களின் தொடக்கத்தில் பிரெஸ்ஸோன் படமெடுத்தலை ஏறக்குறைய முற்றும் விட்டுவிட்டு, இளமையில் விரும்பிய சித்திரம் வரைதலுக்கே திரும்பினார். கையிற் கரிக்கோலும் தாளும் மட்டும். லைக்காவைத் தம் வீட்டு இரும்புப்பெட்டியில் வைத்துப் பூட்டி, எப்பொழுதோ ஒருமுறை வெளியிலெடுப்பார். 2004-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் நாள், தொண்ணூற்றாறாம் பிறந்தநாளுக்குச் சில நாட்களே இருக்க, தென்பிரான்சில் உயிர் நீத்தார். மோன்ழுஸ்தேன் என்னுஞ் சிற்றூர்க் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கஞ் செய்தனர்.