இரு மொழிகளில் ஒரே புலம்பல்



தவக்காலம் பிறந்ததும் நம் நாட்டு ஆலயங்களில் தனியொரு சோக இசை ஒலிக்கத் தொடங்குகிறது. நீர்கொழும்புக் கரையோரச் சிங்களக் கிறிஸ்தவர்கள் ‘பஸன்’ என்னும் பாடுகளின் பாடல்களை இசைக்கின்றனர். மன்னார், யாழ்ப்பாணத் தமிழ் ஊர்களில் ‘வியாகுல பிரசங்கம்’ இராகத்தோடு இழுத்து வாசிக்கப்படுகிறது. மொழிகள் இரண்டு, ஆனால் இரண்டு மரபுக்கும் ஊற்றாக நிற்பவர் ஒருவரே. அவர்தாம் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். தமிழ்க் கத்தோலிக்கர் அவரைச் சாங்கோபாங்க சுவாமிகள் என்று அன்போடு அழைத்தனர்.

அவர் தமிழருமல்லர், சிங்களவருமல்லர். 1676ஆம் ஆண்டு கோவாவைச் சேர்ந்த திவார் தீவில், கொங்கணி பேசும் பிராமண மரபுக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். கல்வியில் சிறந்து விளங்கிய அவர் கோவா ஒரட்டோரியன் சபையில் சேர்ந்து குருவானார். பிறந்த மண்ணிலேயே மதிப்போடு வாழ வாய்ப்பிருந்தும், 1705ஆம் ஆண்டு கடல் கடந்து மன்னார்க் கரையில் வந்து இறங்கினார்.

அன்றைய இலங்கையில் கத்தோலிக்கக் குருவாக இருப்பதே குற்றமாயிருந்தது. கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் நம் வழிபாட்டைத் தடைசெய்திருந்தனர். 1687இல் மாறுவேடத்தில் இத்தீவுக்கு வந்த புனித யோசேப்பு வாஸ் அடிகளார், கண்டி மன்னரின் நிழலில் நின்று, சிதறிய மந்தையைத் தேடிக் கால்நடையாக அலைந்துகொண்டிருந்தார். புதிதாக வந்த இளம் குருவின் மொழித் திறனை அவர் கண்டுகொண்டார். கண்டியில் தங்கிச் சிங்களத்தைப் பழுதறக் கற்கும்படி அவரைப் பணித்தார்.

பேச்சு மொழியை மட்டும் கற்றுக்கொண்டு மறையுரை ஆற்றப் புறப்பட்டிருக்கலாம். கொன்சால்வெஸ் அடிகளார் அதில் நிறைவடையவில்லை. பௌத்தக் கல்வி மரபில் ஊறிய அறிஞர்களிடம் மாணவராக அமர்ந்தார். அவர்களுடைய இலக்கணத்தையும், இலக்கிய நடையையும், கதை சொல்லும் முறையையும் பயின்றார். தமிழையும் அவ்வாறே தமதாக்கிக்கொண்டார். பின்னர் சிங்களத்தில் இருபதுக்கு மேற்பட்ட நூல்களையும், தமிழில் பத்துக்கு மேற்பட்ட நூல்களையும் எழுதினார், அகராதிகளையும் தொகுத்தார். தமிழகத்தில் வீரமாமுனிவர் தேம்பாவணி பாடிய அதே காலம் அது. இன்றும் சிங்கள இலக்கிய வரலாறு எழுதுவோர், 18ஆம் நூற்றாண்டைப் பற்றிப் பேசும்போது இந்தக் கோவா குருவை விட்டுவிடுவதில்லை.

அவரிடம் அச்சுக்கூடம் இருக்கவில்லை. ஒல்லாந்தரோ 1737ஆம் ஆண்டு கொழும்பில் சிங்கள எழுத்துகளில் அச்சிடத் தொடங்கினர். அடிகளாரிடம் இருந்தவை பனையோலையும் எழுத்தாணியும் படியெடுப்போரின் கைகளுமே. ஓலை எல்லா வீட்டுக்கும் போய்ச் சேராது. எழுதப் படிக்கத் தெரியாதோர் பலர். எனவே ஆண்டவரின் பாடுகளை ஒன்பது பிரசங்கங்களாக, இசையோடு வாசிக்கவும் கேட்டு மனத்தில் இருத்தவும் ஏற்றவாறு அமைத்தார். ஒருவர் வாசிக்க, ஊரே கேட்டு அழுதது. குருவானவர் வர இயலாத ஆண்டுகளிலும் பெரிய வெள்ளி தவறவில்லை. பேசாலையில் திருவுருவங்களைக் கொண்டு நடத்தப்படும் ‘உடக்குப் பாஸ்’ இந்த மரபில் வளர்ந்ததே.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அது சமய வாதங்களின் காலம். அடிகளாரும் வாத நூல்கள் எழுதினார். அவற்றால் மனக்கசப்பும் எழுந்தது. 1742ஆம் ஆண்டு அவர் போலவத்தையில் இறைவனடி சேர்ந்தபின், கண்டி அரசில் கத்தோலிக்கர் துன்புறுத்தலுக்கு உள்ளாயினர், ஆலயங்கள் இடிக்கப்பட்டன. அந்த வாதங்களை இன்று ஆராய்ச்சியாளர் மட்டுமே படிக்கின்றனர். அவருடைய புலம்பல்களோ மக்களின் நாவில் வாழ்கின்றன. வென்றெடுக்க எழுதியது மறக்கப்பட்டது; சேர்ந்து அழ எழுதியது நிலைத்தது.

கலவானவிலும் சபரகமுவத் தோட்டங்களிலும் வாழும் குடும்பங்களே, இந்த வாழ்வு நமக்கு அந்நியமன்று. அடிகளார் மறைந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப்பின், நம் முன்னோர் பலர் அதே மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து மலைநாட்டை நோக்கி நடந்தனர். அவர்களும் தங்கள் பாட்டையும் செபத்தையும் சுமந்தே வந்தனர். இன்று நம் லயன்களைச் சுற்றிச் சிங்களக் கிராமங்கள். பல பங்குகளில் ஒரே பீடத்தைச் சுற்றி இரண்டு மொழிகள்.

இந்த எல்லையைக் கடப்பது எளிதென்று யாரும் சொல்ல வேண்டாம். 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களை நம் பெரியோர் மறக்கவில்லை. அவர்கள் மொழியை நாம் ஏன் கற்க வேண்டும் என்று கேட்போரும் உண்டு. பிள்ளைகள் சிங்களப் பாடசாலைக்குச் சென்றால் நம் தமிழ் அழிந்துவிடுமே என்று அஞ்சும் பெற்றோரும் உண்டு. இரண்டும் உண்மையான வேதனைகள். அடிகளாரின் வாழ்வு இரண்டுக்கும் விடை கூறுகிறது. தலைக்கு மேல் ஆபத்து தொங்கிய நாள்களிலேதான் அவர் பிறர் மொழியைக் கற்றார். ஒரு மொழிக்காக மற்றொன்றைக் கைவிடவுமில்லை. சிங்களவரைத் தமிழில் அழவைக்கவோ, தமிழரைச் சிங்களத்தில் செபிக்கவைக்கவோ அவர் முயலவில்லை. ஒவ்வொருவரையும் அவரவர் தாயின் மொழியிலேயே சிலுவையடிக்கு அழைத்துச் சென்றார். பெந்தகோஸ்தே நாளில் தூய ஆவியார் செய்ததும் அதுவே.

எனவே, இல்லத்தில் மாலைச் செபத்தைத் தமிழில் சொல்லுங்கள். பிள்ளைகளைத் தமிழில் படிக்கவும் பாடவும் பழக்குங்கள். அதோடு, வருகின்ற தவக்காலத்தில் அயலாரின் பஸன் பாடல் ஒன்றைப் பொருளறிந்து கற்றுக்கொள்ளுங்கள். நம் புலம்பலைக் கேட்க அவர்களையும் அழையுங்கள். மேடைப் பேச்சுகள் சேர்க்காத உள்ளங்களை ஒரே துயரத்தின் பாடல் அருகருகே அமரச் செய்யும்.

பிறர் மொழியைப் பணிவோடு கற்கும் மனத்தையும், நம் மொழியை நன்றியோடு காக்கும் உறுதியையும் இறைவன் நமக்கு அருள்வாராக. ஆமென்.