ரூபாய்க்கு மூன்று படி அரிசி... அண்ணா சொன்னது என்ன, செய்தது என்ன?

தேர்தல் வந்தாலே வாக்குறுதிகளும் வரிசை கட்டி வந்துவிடும். மாசம் இவ்வளவு பணம், கேஸ் மானியம், கடன் தள்ளுபடி, இலவச பஸ். இதெல்லாம் நடக்குமா, பணம் எங்கிருந்து வரும் என்று நாமும் டீக்கடையில் பேசிக்கொண்டிருப்போம்.

இந்தக் கேள்வி புதுசு இல்லை. 1967 தேர்தலில் தமிழ்நாடே ஒரு அரிசி வாக்குறுதியைப் பற்றித்தான் பேசியது. அதைக் கொடுத்தவர் அறிஞர் அண்ணா. அந்த வாக்குறுதி எங்கிருந்து வந்தது, கடைசியில் என்ன ஆனது? பார்ப்போம்.

பெயரிலேயே பருத்தி இருக்கும் ஊர்

காஞ்சிபுரத்தை ஒட்டி, வேகவதி ஆற்றங்கரையில் இருக்கிறது திருப்பருத்திக்குன்றம். ஜின காஞ்சி என்றும் சொல்வார்கள். திரைலோக்கியநாதர் சமணக் கோயிலும் அதன் விதான ஓவியங்களும் பிரபலம். ஊரின் பெயரிலேயே பருத்தி இருக்கிறது. சுற்றுவட்டாரம் முழுக்க வாழ்க்கையே நெசவுதான்.

காஞ்சிப் பட்டு என்றால் நமக்குக் கல்யாணமும் ஜரிகையும்தான் ஞாபகம் வரும். நெசவாளர் வீட்டுக் கணக்கு வேறு. தறி ஓடினால்தான் கூலி. பாவு வரத் தாமதமானால் கூலி இல்லை. மழைக்காலத்தில் தறிக்குழியில் தண்ணீர் ஊறினால் அன்றைக்கும் கூலி இல்லை. கூலி நின்றாலும் வயிறு கேட்காதே? அப்படிப்பட்ட ஒரு நெசவாளர் குடும்பத்தில்தான் 1909 செப்டம்பர் 15ஆம் தேதி காஞ்சிபுரத்தில் பிறந்தார் அண்ணாதுரை. அப்பா நடராசன், அம்மா பங்காரு அம்மாள். வளர்த்தது சித்தி ராஜாமணி அம்மாள். அவரை அண்ணா தொத்தா என்றுதான் கூப்பிடுவார்.

கிளார்க் வேலையிலிருந்து மேடைக்கு

காஞ்சிபுரம் பச்சையப்பன் பள்ளியில் படித்தார். குடும்ப நிலைமை காரணமாக நகராட்சியில் கொஞ்ச காலம் கிளார்க் வேலை பார்த்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து 1934ல் பி.ஏ. ஆனர்ஸ் முடித்தார். படித்தது பொருளாதாரமும் அரசியலும். பின்னாளில் அவர் பேசிய அரசியலின் அடித்தளம் இந்தப் படிப்புதான்.

அதே காலகட்டத்தில் பெரியாரைச் சந்தித்தார். நீதிக்கட்சி, சுயமரியாதை இயக்கம், பத்திரிகை வேலை என்று பயணம் தொடங்கியது. 1942ல் காஞ்சிபுரத்திலிருந்தே திராவிட நாடு வார இதழைத் தொடங்கினார். தெற்கின் வறுமைக்குக் காரணம் வடக்கின் முதலாளிகள் கையில் தொழிலும் வணிகமும் சிக்கியிருப்பதுதான் என்பது அவர் வாதம். பணத்தோட்டம் என்ற நூல் முழுக்க இதைத்தான் பேசியது. அதற்கு அன்று அவர் சொன்ன தீர்வு, தனித் திராவிட நாடு.

1949 செப்டம்பர் 17ல் திமுக பிறந்தது. 1950களின் தொடக்கத்தில் மில் துணியோடு போட்டி போட முடியாமல் கைத்தறித் துணி தேங்கியது. நெசவாளர் வீடுகளில் பட்டினி. அப்போது அண்ணாவும் திமுகவினரும் கைத்தறித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக விற்றார்கள். உதவிதான், சந்தேகமில்லை. ஆனா ஒரு கட்சி தெருவில் துணி விற்று எத்தனை தறியை ஓட வைக்க முடியும்? கொள்முதல், மானியம், வரி இதெல்லாம் அரசாங்கத்தின் கையில் அல்லவா இருக்கிறது?

சொந்த ஊரிலேயே தோல்வி

1957ல் திமுக முதல்முறையாகச் சட்டமன்றத் தேர்தலில் நின்றது. 15 பேர் ஜெயித்தார்கள். அண்ணா காஞ்சிபுரத்திலிருந்து சட்டமன்றத்துக்குப் போனார்.

1962ல் கட்சி 50 இடங்களைப் பிடித்தது. ஆனால் கட்சித் தலைவரான அண்ணா, அதே காஞ்சிபுரத்தில் காங்கிரஸின் நடேச முதலியாரிடம் தோற்றுப் போனார். பிறகு மாநிலங்களவை உறுப்பினராக டெல்லி சென்றார்.

1963ல் இன்னொரு பெரிய திருப்பம். பிரிவினை பேசுபவர்கள் தேர்தலில் நிற்க முடியாதபடி 16ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. திமுக தனிநாடு கோரிக்கையைக் கைவிட்டது. இனி வறுமைக்குத் தீர்வு சொல்ல அண்ணாவிடம் மிச்சமிருந்தது ஒன்றுதான்: மாநில ஆட்சியைப் பிடித்து, அதை வைத்தே செய்து காட்டுவது.

அரிசி எப்படி அரசியல் ஆனது?

1965, 1966 இரண்டு வருடமும் நாட்டில் கடும் வறட்சி. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த கோதுமையை நம்பி இந்தியா இருந்த காலம் அது. 1964ல் வறுமைக்கு எதிரான போரைத் தன் நாட்டில் அறிவித்த அதே அமெரிக்க அதிபர் ஜான்சன்தான், இந்தியாவுக்கு வரும் கோதுமையைக் கொஞ்சம் கொஞ்சமாக மட்டுமே அனுப்பி நெருக்கடி கொடுத்தார். 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பும் குறைக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் அரிசித் தட்டுப்பாடு, விலையேற்றம், கடை வாசலில் நீண்ட க்யூ. காமராஜர் 1950களிலேயே பள்ளி மதிய உணவைக் கொண்டு வந்தவர். ஆனா 1967ல் காங்கிரஸ் மேல் இருந்த கோபத்தை அது தணிக்கவில்லை. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் சூடும் ஆறவில்லை.

இந்த நேரத்தில் அண்ணா கொடுத்த வாக்குறுதிதான் ரூபாய்க்கு மூன்று படி அரிசி. படி என்றால் இன்றைய கணக்கில் ஒரு கிலோவுக்கு மேல். இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மூன்று படி தன் இலட்சியம் என்றும், ஒரு படி நிச்சயம் என்றும் அவர் பிரித்தே சொன்னார். ஆசை எது, உத்தரவாதம் எது என்று கோடு போட்டுக் காட்டினார். மக்கள் மனதில் நின்றது என்னவோ மூன்று படிதான்!

தேர்தல் முடிவு எல்லோரையும் அதிர வைத்தது. 234 தொகுதிகளில் திமுக மட்டும் 137 இடங்களை வென்றது. விருதுநகரில் காமராஜர் தோற்றார். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலேயே ஸ்ரீபெரும்புதூரில் முதல்வர் பக்தவத்சலம் தோற்றார். 1967 மார்ச் 6ல் அண்ணா முதல்வரானார்.

கணக்கு எங்கே இடித்தது?

ஜெயித்த பிறகுதான் உண்மையான பரீட்சை. 1967லேயே சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் தொடங்கியது. நிச்சயம் என்று சொன்ன அந்த ஒரு படி, இரண்டு நகரங்களில் மக்கள் கைக்குப் போனது.

மற்ற ஊர்களுக்கு? அங்கேதான் சிக்கல். அரசு நெல்லை ஒரு விலைக்கு வாங்கி, அரிசியை அதைவிடக் குறைந்த விலைக்கு விற்கிறது. நடுவில் விழும் பள்ளத்தை மாநிலக் கஜானாதான் நிரப்ப வேண்டும். மதுவிலக்கை எடுத்தால் வருமானம் வந்திருக்கும். அண்ணா அதற்குச் சம்மதிக்கவில்லை. ஏழை வீட்டுக்கு அரிசி கொடுக்க, அதே ஏழை வீட்டுக் கூலியைச் சாராயக் கடையில் வாங்குவதா என்பது அங்கே எழுந்த கேள்வி. விளைவு, திட்டம் மாநிலம் முழுக்கப் பரவவில்லை. இரண்டு நகரங்களிலும் நீடிக்கவில்லை. திருப்பருத்திக்குன்றத்து நெசவாளருக்கு அந்த ஒரு படி வந்து சேரவே இல்லை.

விலை குறைந்தால் மட்டும் போதுமா?

1968 செப்டம்பரில் அண்ணாவுக்கு நியூயார்க்கில் புற்றுநோய் அறுவை சிகிச்சை நடந்தது. ஊர் திரும்பிய சில வாரங்களில், டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தில் கீழ்வெண்மணி கொடூரம் நடந்தது. நெல் கூலியை உயர்த்திக் கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும்.

நகரத்தில் அரிசி விலையைக் குறைத்த ஆட்சியில், அந்த நெல்லை விளைவித்தவர்கள் கூடுதல் கூலி கேட்டதற்காக உயிரை இழந்தார்கள். அண்ணாவின் கதையை எழுதும்போது இதை விட்டுவிட முடியாது. வறுமை என்பது விலையில் மட்டும் இல்லை. கூலியிலும் நிலத்திலும் சாதியிலும் இருக்கிறது. தஞ்சை மாவட்ட விவசாயத் தொழிலாளருக்கான நியாயக் கூலிச் சட்டம் 1969ல் வந்தது.

1969 ஜனவரி 14ல் மாநிலம் அதிகாரப்பூர்வமாகத் தமிழ்நாடு ஆனது. பிப்ரவரி 3ல் அண்ணா மறைந்தார். வயது 59. முதல்வராக இருந்தது இரண்டு வருடம்கூட இல்லை. இறுதி ஊர்வலத்தில் சென்னை கண்ட கூட்டம் இன்றும் பேசப்படுகிறது.

அந்த ஒரு படி எங்கே போனது?

திட்டம் நின்றது, கேள்வி நிற்கவில்லை. அதன்பிறகு தமிழ்நாட்டில் ஓட்டுக் கேட்டு வரும் யாரும் அரிசிக்குப் பதில் சொல்லாமல் போக முடியவில்லை. 1972ல் நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. நெல் கொள்முதல், குடோன், ரேஷன் கடை என்று கட்டமைப்பு மெல்ல வளர்ந்தது. 1997ல் மத்திய அரசு ரேஷனை வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களை மையமாக வைத்து மாற்றியபோதும், தமிழ்நாடு எல்லோருக்கும் ரேஷன் என்பதை விடவில்லை.

2006ல் கிலோ 2 ரூபாய் அரிசி. 2008 செப்டம்பர் 15ல், அண்ணாவின் பிறந்தநாளில், கிலோ 1 ரூபாய். அதாவது ரூபாய்க்கு ஏறத்தாழ ஒரு படி, 41 வருஷம் கழித்து! 2011 ஜூனில் ஜெயலலிதா ஆட்சியில் அதுவும் இலவசம் ஆனது. மழையில் தறி நின்றாலும் நெசவாளர் வீட்டில் உலை வைக்க அந்த அரிசி இருக்கிறது. ஆனா தறிக் கூலி போதுமா என்ற கேள்வி மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

அடுத்த முறை வேட்பாளர் உங்கள் தெருவுக்கு வந்தால் மூன்றே கேள்வி கேளுங்கள். இதில் இலட்சியம் எது, நிச்சயம் எது? பணம் எங்கிருந்து வரும்? கூலிக்கு என்ன வழி? முதல் கேள்விக்கு அண்ணா மேடையிலேயே பதில் சொன்னார். இரண்டாவது கேள்வியில் அவர் திட்டம் தடுக்கி விழுந்தது. மூன்றாவதற்குப் பதில் தேட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. இப்போது கேட்பவர்களுக்கு நேரம் இருக்கிறது.